மூச்சும் கூலியும்: ஆஸ்துமாவின் சுமை – மடத்துக்குளத்திலிருந்து முக்கியக் குறிப்புகள்

(குரூப் 1, குரூப் 2 முதன்மைத் தேர்வு: பொதுச் சுகாதாரம், தொழிலாளர் நலன், சமூகப் பிரச்சினைகள்)

விடிவதற்கு முன்பே மடத்துக்குளத்தில் மில் பஸ்கள் ஆள் ஏற்றத் தொடங்கிவிடும். என் அத்தை பத்தொன்பது வருடம் அப்படிப் போனவர். முதலில் கார்டிங், பிறகு கோன் வைண்டிங். அவருடைய பையில் தூக்குப்போசிக்கு அடியில், கர்ச்சீப்பில் சுருட்டி, நீலநிற இன்ஹேலர் ஒன்று இருக்கும். சூப்பர்வைசர் கண்ணில் பட்டால் 'உடம்புக்கு ஆகாத ஆள்' என்று பேர் விழுந்துவிடும் என்று பயம். இழுப்பு வந்தால் பாத்ரூமுக்குப் போய்த்தான் அடித்துக்கொள்வார்.

ஆஸ்துமாவின் பொருளாதாரச் சுமை என்ற தலைப்பைப் பாடமாக நடத்தும்போதெல்லாம் எனக்கு அந்தப் பைதான் நினைவுக்கு வரும். இந்த நோய் தின்னும் நேரத்திலும் பணத்திலும் பெரும்பகுதி எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. எங்கெங்கே ஏறாமல் நழுவுகிறது என்று பிடித்துவிட்டால், இந்தப் பகுதியில் வரும் விரிவான விடைகளைச் சொந்தமாக எழுத முடியும். அதை மனதில் வைத்தே இக்குறிப்புகளைத் தொகுத்திருக்கிறேன்.

ஊர்

• திருப்பூர் மாவட்டம் 2009 பிப்ரவரி 22 அன்று கோவை, ஈரோடு மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து உருவானது. தமிழ்நாட்டின் 32-ஆவது மாவட்டம். மடத்துக்குளம் அதன் வட்டங்களில் ஒன்று. உடுமலைக்கும் பழனிக்கும் இடையில், அமராவதி பாயும் பகுதி.

• சட்டமன்றத் தொகுதி எண் 126. பொள்ளாச்சி மக்களவைத் தொகுதிக்குள் வருகிறது. கணியூர், குமரலிங்கம், சங்கராமநல்லூர் ஆகியவை இப்பகுதியின் பேரூராட்சிகள்.

• திருப்பூர் என்றால் பனியன் என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். பனியன் தைப்பது திருப்பூரில். அதற்கு நூல் வருவது உடுமலை, மடத்துக்குளம், பல்லடம், தாராபுரம் பக்கத்து நூற்பாலைகளிலிருந்தும்தான். ஆகவே சுவாச நோய் பற்றிய கேள்வியில் தையல் மெஷினைவிட பஞ்சைப் பிரிக்கும் மெஷின் முக்கியம். இந்த ஒரு வட்டத்திலேயே பஞ்சுத் தூசி, கரும்புச் சக்கை, மட்டை மில்லின் தேங்காய் மஞ்சி எல்லாம் உண்டு. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில் புழுதியும் சேர்ந்துகொள்ளும்.

நோய்: தேர்வுக்குத் தேவையான அளவு

• ஆஸ்துமா மூச்சுக்குழாயின் நாள்பட்ட அழற்சி நோய். தொற்றா நோய். குழாயின் உட்சுவர் வீங்குகிறது, சுற்றியுள்ள தசை இறுகுகிறது, சளி கூடுகிறது. மூன்றும் சேர்ந்து வழி குறுகுகிறது. மூச்சை இழுப்பதைவிட வெளியே விடுவதுதான் கடினம். வீசிங் ஒலி அதனால்தான். மக்கள் வழக்கில் இழுப்பு, இரைப்பு, ஈளை.

• ஸ்பைரோமெட்ரி: மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பின், முதல் ஒரு நொடியில் வெளிவிடும் காற்றின் அளவு 12 சதவீதமும் 200 மி.லி.யும் கூடினால் அடைப்பு மீளக்கூடியது என்று பொருள். மீளக்கூடிய அடைப்பு ஆஸ்துமாவைக் காட்டும். பெரிதும் மீளாத அடைப்பு சி.ஓ.பி.டி.யை (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்).

• மருந்து இரண்டு வகை. உடனடி நிவாரணி: சால்புடமால், 1960-களின் இறுதியில் வந்தது. தடுப்பு மருந்து: உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு, 1970-களின் தொடக்கம் முதல். உலக ஆஸ்துமா முன்முயற்சி அமைப்பான 'கினா' (1993) 2019-ல் தன் வழிகாட்டுதலை மாற்றியது: பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் சால்புடமாலை மட்டும் வைத்துச் சிகிச்சை செய்யக்கூடாது, ஸ்டீராய்டும் சேர வேண்டும். இதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். அத்தை பையில் இருந்தது நிவாரணி மட்டும். வீட்டுக்கு வீடு இதே கதைதான். நிவாரணி இழுப்பை நிறுத்தும். உள்ளே அழற்சி அப்படியே கிடக்கும்.

• உலக ஆஸ்துமா தினம்: மே மாதத்தின் முதல் செவ்வாய். 1998 முதல். 2025-ல் மே 6. மையக்கருத்து, உள்ளிழுக்கும் மருந்துகள் எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்பது.

• ஆடாதொடையில் உள்ள வாசிசின் என்ற ஆல்கலாய்டிலிருந்து உருவாக்கப்பட்டதே சளியை இளக்கும் புரோம்ஹெக்சின். தாவரவியல் பகுதியிலும் பயன்படும்.

எண்கள்

• உலகம் (உலக சுகாதார நிறுவனம், 2019): 26.2 கோடிப் பேருக்கு ஆஸ்துமா, 4.55 லட்சம் மரணங்கள். குழந்தைகளிடம் மிகப் பரவலாகக் காணப்படும் நாள்பட்ட நோய் இதுவே.

• இந்தியா (உலக நோய்ச்சுமை ஆய்வு, 2019): சுமார் 3.43 கோடிப் பேர், உலக அளவில் 13 சதவீதம். மரணத்தில் இந்தியாவின் பங்கு ஏறத்தாழ 42 சதவீதம், 1.98 லட்சம்.

இந்த இரண்டு சதவீதங்களையும் சேர்த்தே படியுங்கள். நோயாளிகளில் எட்டில் ஒரு பங்கு இங்கே. மரணத்தில் ஐந்தில் இரண்டு பங்கு இங்கே. நோய் நமக்கு மட்டும் கொடுமையாக வருவதில்லை. கண்டுபிடிப்பதில் தாமதம், கண்டுபிடித்தாலும் தடுப்பு மருந்து போய்ச் சேராதது, 'பம்பு அடிச்சாப் பழகிப் போயிரும்' என்ற பயம் – இவைதான் இடைவெளிக்குக் காரணம். உலக ஆஸ்துமா வலையமைப்பின் இந்திய ஆய்வில், வீசிங் இருந்தவர்களில் 82 சதவீதம் பேருக்கு ஆஸ்துமா என்று மருத்துவர் யாரும் சொல்லியிருக்கவில்லை. உள்ளிழுக்கும் ஸ்டீராய்டைத் தினமும் எடுத்தவர்கள் மிகச் சொற்பம்.

• இன்சர்ச் ஆய்வு (2012): 12 மையங்கள், 1,69,575 பேர். 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஆஸ்துமா 2.05 சதவீதம்; நாடு முழுவதும் 1.72 கோடி என்று மதிப்பீடு. மேலே உள்ள 3.43 கோடியோடு இது ஒத்துப்போகவில்லையே என்று குழம்ப வேண்டாம். வயது வரம்பும் கணக்கிடும் முறையும் வேறு. விடையில் எண்ணை எழுதும்போது எந்த ஆய்வு, எந்த ஆண்டு என்பதையும் எழுதுங்கள்.

• டாலி: முன்கூட்டிய மரணத்தால் இழந்த ஆண்டுகள் + நோயோடு வாழ்ந்ததால் இழந்த ஆண்டுகள். ஆஸ்துமாவில் இரண்டாவது பகுதி கனமானது. நோய் இளவயதில் தொடங்கி நாற்பது, ஐம்பது ஆண்டு கூடவே வருகிறது.

• அமெரிக்கா, 2013: ஆஸ்துமாவின் மொத்தச் செலவு 8,190 கோடி டாலர். அதில் மருத்துவச் செலவு மட்டும் 5,030 கோடி. ஆண்டுக்கு 87 லட்சம் வேலைநாள்களும் 52 லட்சம் பள்ளிநாள்களும் இழப்பு. பிள்ளை பள்ளிக்குப் போகாத நாளில் அம்மாவும் வேலைக்குப் போக முடியாது. பெண்கள் அதிகம் உழைக்கும் திருப்பூர்ப் பகுதிக்கு இது சாதாரண விஷயமில்லை.

• வேலையும் ஆஸ்துமாவும்: பெரியவர்களுக்குப் புதிதாக வரும் ஆஸ்துமாவில் ஏறத்தாழ 16 சதவீதம் பணியிடக் காரணிகளால் என்பது அமெரிக்க, ஐரோப்பிய மார்பு நோய்ச் சங்கங்களின் 2019-ஆம் ஆண்டு கூட்டறிக்கை. ஆறு பேரில் ஒருவர்.

பஞ்சுத் தூசி

• பிஸினோசிஸ்: பருத்தி, ஆளி, சணல் வகைத் தூசியால் வரும் நுரையீரல் நோய். பெயர், மெல்லிய நார்த்துணியைக் குறிக்கும் 'பிஸ்ஸோஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து. அமெரிக்காவில் 'பழுப்பு நுரையீரல்' என்பார்கள்.

• ஆளி, சணல் சிக்கெடுக்கும் தொழிலாளரின் இருமலை முதலில் விரிவாக எழுதியவர் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாஸ்ஸினி. தொழில்சார் மருத்துவத்தின் தந்தை. அவருடைய நூல் வெளியான ஆண்டு 1700. நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு 'நீ என்ன வேலை செய்கிறாய்?' என்ற ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள் என்று மருத்துவர்களுக்குச் சொன்னவர் அவர். 300 ஆண்டுகள் கழித்தும் புறநோயாளி வரிசையில் இந்தக் கேள்வி எத்தனை பேரிடம் கேட்கப்படுகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

• அறிகுறி: வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் நெஞ்சு இறுக்கம். அடுத்தடுத்த நாள்களில் குறையும். பாடநூலில் 'திங்கட்கிழமைக் காய்ச்சல்'.

பாடநூலும் மில்லும் பிரியும் இடம் இதுதான். நம் நூற்பாலைகள் பெரும்பாலும் நிற்காமல் ஓடுபவை. வார லீவு ஆளுக்கொரு நாள். அத்தைக்கு லீவு புதன்கிழமை. 'திங்கட்கிழமை அதிகமா இருக்குமா?' என்று கேட்டால் 'இல்லீங்க' என்றுதான் சொல்லியிருப்பார். 'லீவு முடிஞ்சு போற அன்னைக்கு எப்படி இருக்கும்?' என்று கேட்டால்தான் உண்மை வரும். 'வியாழக்கிழமை காலைல நெஞ்சுல கல்லத் தூக்கி வச்ச மாதிரி இருக்கும் கண்ணு. வெள்ளி, சனி ஆனாப் பழகீரும்' என்பார்.

• ஷில்லிங் தரவரிசை (ரிச்சர்ட் ஷில்லிங், இங்கிலாந்து லங்காஷயர் பருத்தி ஆலைகள், 1950-கள்): தரம் ½ – முதல் நாளில் எப்போதாவது இறுக்கம், தரம் 1 – ஒவ்வொரு வாரமும் முதல் நாளில், தரம் 2 – முதல் நாளிலும் மற்ற நாள்களிலும், தரம் 3 – இவற்றோடு நிரந்தர நுரையீரல் திறன் குறைவு. முதல் மூன்றில் ஆளைத் தூசியிலிருந்து மாற்றினால் மீட்கலாம். தரம் 3-ல் தாமதமாகிவிட்டது.

• காரணம் பஞ்சு இழையைவிட, அதில் ஒட்டியிருக்கும் இலைத்தூள், காய்த்தோடு, பாக்டீரியா. கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாவின் எண்டோடாக்சின் முதன்மைக் காரணி என்று கருதப்படுகிறது.

• தூசி எங்கே அதிகம்: பேலை உடைத்துப் பஞ்சைப் பிரிக்கும் ப்ளோ ரூம், அடுத்து கார்டிங். டிராயிங், சிம்ப்ளக்ஸ், ஸ்பின்னிங் என்று போகப் போகக் குறையும். பனியன் கம்பெனிக் கட்டிங் வேஸ்ட்டை மீண்டும் பஞ்சாக்கி நூலாக்கும் ஓ.இ. (ஓப்பன் எண்ட்) மில்களில், வேஸ்ட்டைக் கிழிக்கும் இடத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும். ஷிப்ட் முடிந்து வரும் ஆளின் புருவத்திலும் காதோரத்திலும் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருக்கும். கண்ணுக்குத் தெரியும் அந்தப் பஞ்சு மூக்கிலேயே நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்தூசிதான் உள்ளே இறங்குகிறது. அளக்கும் கருவி: வெர்டிகல் எலுட்ரியேட்டர்.

• அமெரிக்கத் தரம், 1978: நூல் தயாரிப்பில் ஒரு கன மீட்டர் காற்றில் 200 மைக்ரோகிராம் பருத்தித் தூசி, நெசவில் 750. ஆலை முதலாளிகளின் சங்கம் 'லாபத்தையும் செலவையும் சீர்தூக்கிப் பார்க்கவில்லை' என்று வழக்குத் தொடுத்தது. 1981-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தரத்தை உறுதிசெய்தது. தொழிலாளியின் உடல்நலத்துக்கு நாடாளுமன்றம் ஏற்கெனவே முன்னுரிமை கொடுத்துவிட்டது, நடைமுறையில் செய்ய முடியுமா என்பதே கேள்வி என்பது தீர்ப்பின் சாரம். விரிவான விடையில் மேற்கோளாகக் காட்டத் தகுந்த வழக்கு.

• ஆஸ்துமாவா, பிஸினோசிஸா? பணிசார் ஆஸ்துமா வேலைநாள் கூடக் கூட மோசமாகி லீவில் குறையும். பிஸினோசிஸ் லீவு முடிந்த முதல் நாள் மோசம், பிறகு தணியும். ஏற்கெனவே ஆஸ்துமா உள்ளவர் பஞ்சுத் தூசியில் நின்றால் இரண்டும் கலந்து வரும். மருத்துவச் சீட்டில் 'வீசிங்' என்று ஒரே சொல்லில் முடிந்துவிடும். அந்தச் சொல் எவ்வளவு கூலியைத் தீர்மானிக்கிறது என்பதைக் கீழே இ.எஸ்.ஐ. பகுதியில் பாருங்கள்.

சாயம், சக்கை

• சாயப்பட்டறை: ரியாக்டிவ் சாயப் பொடியை எடைபோட்டுக் கலக்கும் கலர் கிச்சனில் ஒவ்வாமை ஆஸ்துமா வரலாம். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட நாள் 2011 ஜனவரி 28; அது நொய்யல் ஆற்று நீருக்காக. பட்டறைக்குள் இருந்த காற்றைப் பற்றிப் பேச்சு எழவில்லை.

• பகாசோசிஸ்: பூசணம் பிடித்த கரும்புச் சக்கைத் தூசியால் வருவது. நுண்ணுயிரி தெர்மோஆக்டினோமைசிஸ் சக்காரி. இந்தியாவில் முதலில் பதிவானது 1955-ல், கொல்கத்தா அருகே ஓர் அட்டை ஆலையில். தாக்குவது காற்று நுண்ணறைகளை. ஆகவே இதை ஆஸ்துமா என்று குறிக்கக் கூடாது. தடுக்க: சக்கையில் ஈரப்பதத்தை 20 சதவீதத்துக்கு மேல் வைத்தல், புரோப்பியோனிக் அமிலம் தெளித்தல். மடத்துக்குளம் அருகே கிருஷ்ணாபுரத்தில் அமராவதி கூட்டுறவு சர்க்கரை ஆலை இருப்பதால் இதை நம் ஊர்க் குறிப்பாகவே வைத்துக்கொள்ளலாம்.

வேலைத்திறன் இழப்பு

• செலவை மூன்றாகப் பிரிப்பார்கள். நேரடிச் செலவு: மருந்து, டாக்டர், படுக்கை, போக்குவரத்து. மறைமுகச் செலவு: இழந்த கூலி, குறைந்த உற்பத்தி, முன்கூட்டிய ஓய்வு, மரணம். அளவிட முடியாதது: தூக்கமின்மை, பயம், வெட்கம்.

• மறைமுகச் செலவிலும் இரண்டு. வேலைக்கே வராமல் இருப்பது ஒன்று. வந்தும் வேலை ஓடாமல் இருப்பது இன்னொன்று. ஆஸ்துமாவில் இரண்டாவதே பெரிது என்று பல நாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. இதை அளக்கும் வினாநிரல் 1993-ல் வந்தது. கடந்த 7 நாளில் நோய் உங்கள் வேலையை எவ்வளவு பாதித்தது என்று 0 முதல் 10 வரை எண் கேட்கும்.

நம் பகுதிக்கு வந்தால் இதில் ஒரு திருப்பம் உண்டு. பனியன் கம்பெனியில் பவர் டேபிளில் உட்காரும் டெய்லருக்குப் பீஸ் ரேட். இரவெல்லாம் இருமி, தூக்கம் கெட்டு வந்தவர் வழக்கமாகத் தைப்பதில் முக்கால்வாசிதான் தைப்பார். குறைந்த கால்வாசி அவருடைய சனிக்கிழமைச் சம்பளத்தில் குறையும். கம்பெனிக் கணக்கில் ஒரு பீஸுக்கான கூலி மாறவே மாறாது. ஒன்றரை ஷிப்டு ஓட்டினால்தான் குடும்பம் ஓடும் என்ற ஊரில், இழுப்புக்காரர் ஒரு ஷிப்டோடு எழுந்துவிடுகிறார். அந்த அரை ஷிப்டும் போச்சு. வேலைத்திறன் இழப்பு என்று பொருளியல் நூல்கள் சொல்வது முதலாளியின் நட்டத்தை. பீஸ் ரேட்டில் அந்த நட்டம் முழுதாகத் தொழிலாளி தலையில் இறங்கிவிடுகிறது. நட்டம் தெரியாத இடத்தில் எக்ஸாஸ்ட் விசிறி மாட்டச் சொன்னால் யார் கேட்பார்கள்? இந்தத் துறையில் முன்னேற்றம் மெதுவாக இருப்பதற்கு இதுவே முதல் காரணம் என்பது என் முடிவு.

நூற்பாலையில் ஷிப்ட் கூலி. அங்கே குறைவது வேறு மாதிரி. அத்தை கார்டிங்கில் இருந்தபோது வருடத்துக்கு ஓரிரு முறைதான் லீவு போட்டார். மற்ற நாளெல்லாம் போனார். மெஷினுக்கு மெஷின் நடக்கும்போது நின்று நின்று மூச்சு வாங்கினார். கேன் மாற்ற ஓடும் ஓட்டத்தில் பின்தங்கினார். வருகைப் பதிவேட்டில் அவர் ஏறத்தாழ நூற்றுக்கு நூறு.

இ.எஸ்.ஐ.: எண்களை மனப்பாடம் செய்யுங்கள்

• தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம் 1948 (2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் அடங்கியது). அடிப்படை: பி.பி. அடார்கர் அறிக்கை, 1944. தொடக்கம்: 1952 பிப்ரவரி 24, கான்பூரும் டெல்லியும். தமிழ்நாட்டில் முதலில் கோவையில், 1955.

• பங்களிப்பு: முதலாளி 3.25 சதவீதம், தொழிலாளி 0.75 சதவீதம், மொத்தம் 4 (2019 ஜூலை 1 முதல்). கூலி வரம்பு ரூ.21,000 (2017 ஜனவரி 1 முதல்). பங்களிப்புக் காலம் ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச்.

• நோய்க்காலப் பலன்: கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு அதிகபட்சம் 91 நாள். தகுதி: 6 மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் பங்களிப்பு.

• முதல் 2 நாளுக்குப் பணம் கிடையாது. விதிவிலக்கு: முந்தைய நோய்க்காலம் முடிந்து 15 நாளுக்குள் மறுபடி படுத்தால்.

இந்த இரண்டு நாள் விதியை ஆஸ்துமாவோடு சேர்த்துப் பாருங்கள். ஆஸ்துமா ஆளை இரண்டு மாதம் படுக்கையில் போடும் நோய் கிடையாது. மாதத்துக்கு ஒருமுறை வரும், இரண்டு நாள் இருக்கும், போய்விடும். கணக்குக்காக நாள்கூலி ரூ.500 என்று வையுங்கள். மாதம் 2 நாள், ஆண்டுக்கு 24 நாள், ரூ.12,000 இழப்பு. இ.எஸ்.ஐ. பலன்: சுழியம். ஒரே தடவையாக 24 நாள் படுத்திருந்தால் 22 நாளுக்கு 70 சதவீதம் கிடைத்திருக்கும். நோயின் சுபாவமும் விதியின் சுபாவமும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை.

• நீட்டித்த நோய்க்காலப் பலன்: 34 நீண்டகால நோய்களுக்கு, 80 சதவீதக் கூலி, 2 ஆண்டு வரை. சுவாச நோய்களில் மூச்சுக்குழாய் விரிவு நோய், நுரையீரல் இடைத்திசு நோய், இதயச் செயலிழப்போடு கூடிய சி.ஓ.பி.டி. ஆகியவை பட்டியலில் உண்டு. ஆஸ்துமா இல்லை.

• பணிசார் நோய், வேலையில் ஏற்பட்ட காயத்துக்குச் சமம் (1948 சட்டத்தின் பிரிவு 52-ஏ). தற்காலிக இயலாமைக்கு 90 சதவீதக் கூலி. பிஸினோசிஸ், பகாசோசிஸ் இரண்டும் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை 'சி' பகுதியில் உள்ளன. ஆக, மருத்துவச் சீட்டில் 'வீசிங்' என்று எழுதினால் 70 சதவீதமும் 91 நாள் வரம்பும். 'பிஸினோசிஸ்' என்று நிறுவப்பட்டால் 90. நோயாளி ஒருவர்தான், நெஞ்சு ஒன்றுதான்.

• திருப்பூர் 100 படுக்கை இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு அடிக்கல்: 2019 பிப்ரவரி 10. மடத்துக்குளத்திலிருந்து போய்வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும்.

அரசு மருத்துவத்தின் மீது சுமை

• ஆஸ்துமாவில் அரசுக்குச் செலவு வைப்பது இரவு நேர அவசர சிகிச்சைதான். ராத்திரி ஒரு மணிக்கு 108, ஆக்சிஜன், நெபுலைசர், ஸ்டீராய்டு ஊசி, இரண்டு நாள் படுக்கை. இதைத் தடுத்திருக்கக்கூடியது மாதந்தோறும் ஒரு தடுப்பு இன்ஹேலர். தமிழ்நாட்டில் 108 சேவை தொடக்கம் 2008 செப்டம்பர் 15.

• முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் (2012 ஜனவரி 11, குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம்) பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்த பின்புதான் கைகொடுக்கும். மாத இன்ஹேலர் அதன் வாசலுக்கு வெளியே நிற்கிறது.

• மக்கள் கையிலிருந்து செய்யும் மருத்துவச் செலவு: 2013–14-ல் மொத்தச் சுகாதாரச் செலவில் 64.2 சதவீதம், 2021–22-ல் 39.4 சதவீதம் (தேசிய சுகாதாரக் கணக்குகள்).

• தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் (1994) மருந்தை மொத்தமாக வாங்கி விநியோகிக்கும் முன்மாதிரி. முதல்வர் மருந்தகம்: 2025 பிப்ரவரி 24, 1,000 கடைகளோடு.

• மக்களைத் தேடி மருத்துவம்: 2021 ஆகஸ்ட் 5, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளி. 2024-ல் ஐ.நா. விருது. 2024 ஜனவரி முதல் தொழிலாளரைத் தேடி மருத்துவமும் பணியிடங்களுக்குப் போகிறது. அதன் பரிசோதனையில் முதன்மையாக இருப்பவை ரத்த அழுத்தமும் சர்க்கரையும். நூற்பாலைக்குள் போகும் குழு ஊதும் மூச்சின் வேகத்தை அளக்கும் ஒரு பீக் ஃப்ளோ மீட்டரையும் கையில் எடுத்துப் போக வேண்டும் என்று முதன்மைத் தேர்வில் பரிந்துரையாக எழுதலாம். நான் மனதார நம்பும் பரிந்துரையும் அதுவே.

• மத்திய அரசின் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டம் 2010-ல் தொடங்கியது; 2023 வழிகாட்டுதலில் சி.ஓ.பி.டி.யும் ஆஸ்துமாவும் சேர்க்கப்பட்டன.

• திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி: 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்ட 11 கல்லூரிகளில் ஒன்று.

சட்டம்

• தொழிற்சாலைகள் சட்டம் 1948 (2025 நவம்பர் 21-க்கு முன்பு வரை): பிரிவு 14 தூசி, புகை அகற்றல், பிரிவு 15 செயற்கை ஈரப்பதம் (நூற்பாலைக்கு மிக முக்கியம்), பிரிவு 89 நோய் அறிவிப்பு. அதன் மூன்றாம் அட்டவணையில் அறிவிக்க வேண்டிய நோய்களாக இருந்தவை 29. பிஸினோசிஸ் 19-ஆவது. ஆஸ்துமா என்ற பெயர் அந்தப் பட்டியலில் இருக்கவில்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2010 பட்டியலில் இருக்கிறது.

• 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறையில்: 29 சட்டங்கள் நான்காயின. தொழில் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிநிலைத் தொகுப்பு 13 சட்டங்களையும், சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு 9 சட்டங்களையும் உள்ளடக்கியவை. 'தொழிற்சாலை' என்பதற்கான ஆள் வரம்பு மின்சாரத்தோடு 10-லிருந்து 20 ஆகவும், மின்சாரமின்றி 20-லிருந்து 40 ஆகவும் உயர்ந்தது. பதினைந்து பேர் வேலை செய்யும் மட்டை மில்லும் வேஸ்ட் பிரிக்கும் கொட்டகையும் இந்த வரம்புக்குக் கீழே போய்விடும் என்பதைக் கவனிக்க வேண்டும்.

• பாதுகாப்பான பணிச்சூழல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் அடிப்படை உரிமைகளில் சேர்ந்தது 2022 ஜூன். தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம்: அகமதாபாத், 1966. தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமான 'சிட்ரா': கோவை, 1956.

உலகில் மூன்று ஊர்கள்

• பார்சிலோனா, 1981–87: குறிப்பிட்ட சில நாள்களில் மட்டும் அவசரப் பிரிவுகளில் ஆஸ்துமாக் கூட்டம், மொத்தம் 26 முறை. துறைமுகத்தில் சோயா மொச்சை இறக்கிய நாள்கள் அவை என்று பிறகு தெரிந்தது. தானியக் கிடங்கில் தூசி வடிகட்டி மாட்டினார்கள். கூட்டம் நின்றது. நூறு டாக்டர் செய்ய முடியாததை ஒரு வடிகட்டி செய்தது. பஞ்சுக்கும் இது பொருந்தும்.

• மெல்போர்ன், 2016 நவம்பர் 21: இடியோடு வந்த புயற்காற்று புல் மகரந்தத்தைச் சிதறடித்தது. சுமார் 30 மணி நேரத்தில் 3,000-க்கும் அதிகமான கூடுதல் நோயாளிகள், 10 மரணங்கள். வசதியான நகரத்தின் ஆம்புலன்ஸ் சேவையே திணறிப்போனது.

• பின்லாந்து, 1994–2004: தேசிய ஆஸ்துமாத் திட்டம். சீக்கிரம் கண்டுபிடி, தடுப்பு மருந்தை உடனே தொடங்கு, நோயாளிக்குச் சொல்லிக்கொடு. மருத்துவமனை நாள்கள் 54 சதவீதம் குறைந்தன. ஒரு நோயாளிக்கான ஆண்டுச் செலவு 36 சதவீதம் குறைந்தது. மருந்து வாங்கச் செலவழித்தும் மொத்தச் செலவு இறங்கியது. 'சுமையைக் குறைக்க முடியுமா?' என்ற கேள்விக்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

கடைசிக் குறிப்பு: பீக் ஃப்ளோ தாள்

• பி.எம். ரைட் 1950-களில் உருவாக்கிய கருவி. ஆழமாக மூச்சு இழுத்து, ஒரே ஊதாக ஊத வேண்டும். முள் காட்டும் எண்ணை எழுத வேண்டும். பணிசார் ஆஸ்துமாவா என்று அறிய நாளுக்கு நான்கு முறை, இரண்டு முதல் நான்கு வாரம். வேலைநாளும் லீவு நாளும் கட்டாயம் கலந்திருக்க வேண்டும்.

அத்தைக்கு நான் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். பழைய காலண்டரைக் கிழித்து, பின்பக்கம் கட்டம் போட்டு எழுதினார். மார்கழிக் கடைசி வாரம்: 220, 210, 200, 210. பொங்கலுக்கு மில் மூடிய நாலாம் நாள் காலை: 310. அதைப் பார்த்து அவரே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

அந்தத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு நெஞ்சு நோய் டாக்டர் ஒருவரிடம் போனோம். அவர் அதை மேசையில் விரித்து, விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுக்கொண்டே வந்து, 310-ல் நின்றார். நிமிர்ந்து கேட்டார்: 'எந்த டிபார்ட்மெண்ட்லங்கம்மா வேலை பாக்கறீங்க?' பத்தொன்பது வருடத்தில் அத்தையிடம் யாரும் அதைக் கேட்டதில்லை.